சிதைவும் மூலமே: தோட்டக் குடும்பங்களின் நிழற்படங்களைப் புதுப்பித்தல் குறித்து

சுவடியில் செல்லரித்த இடத்தைத் தம் கற்பனையால் இட்டு நிரப்பும் உரிமை பதிப்பாசிரியருக்கு இல்லை என்பது தமிழ்ப் பதிப்புலகம் நன்கறிந்த நெறி. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, சிதைந்த பாடல்களைச் சிதைந்தவாறே அச்சிட்டார். அவர்தம் புலமைக்கு ஓரிரு சொற்களைப் பெய்து முடித்தல் அரிதன்று. எனினும் அவர் அது செய்திலர். முன்னோர் நிழற்படங்களைப் புதுப்பிப்போரும் இந்நெறிக்கு உட்பட்டவரே என்பது நமது கருத்து.

இக்கருத்து நம்முள் வலுப்பெற்ற இடம் சிம்பாங் ரெங்கம். ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்களில், ரப்பர் நின்ற நிலம் பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்டது. லயன் வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்கள் தம்முடன் கொணர்ந்தவற்றுள் சாமிப் படங்களும் முன்னோர் படங்களும் முதன்மையானவை. அத்தகைய ஓர் இல்லத்தில், எண்பது வயது கடந்த அம்மையார் ஒருவர் தம் தாயாரின் இரு படங்களை நம்முன் வைத்தார்.

முதலாவது, அடையாள அட்டைக்கென எடுக்கப்பட்ட படத்தின் மீந்த படி. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, 12 வயதும் அதற்கு மேலும் ஆனோர் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை பெறுதல் கட்டாயமாக்கப்பட்டது. நிழற்படக்கூடத்தின் வாயிலையே மிதித்தறியாத தோட்டத் தொழிலாளர் பலர்க்கு அதுவே முதற்படம். சிலர்க்கு அதுவே ஒரே படம். மக்களைக் கண்காணிக்க அரசு எடுத்த படம், காலப்போக்கில் மாலையும் குங்குமமும் பெற்று வழிபாட்டிற்குரியதாயிற்று. தோட்டப்புற வரலாற்றை எழுதுவோர் இம்முரணை இன்னும் உரியவாறு கருதிற்றிலர்.

இரண்டாவது, கடையொன்றில் கணினிவழிப் புதுப்பித்துப் பெரிதாக்கியது. வெள்ளைச் சேலை நீலமாகியிருந்தது. முகவாயில் பச்சை குத்திய புள்ளிகள் கறையெனக் கருதப்பட்டு அழிந்திருந்தன. பாம்படம் அணிந்து தோளை நோக்கி நீண்டிருந்த காதுகள் சிறு மடல்களாகத் திருத்தப்பட்டிருந்தன. “இது எங்கம்மா காது இல்ல சார், யாரோ ஒருத்தவங்க காது,” என்றார் அம்மையார். பாடபேதம் பற்றி நாம் வகுப்பறையில் கூறுவன அனைத்தும் அவ்வொரு வாக்கியத்துள் அடங்கிவிட்டன.

கடைக்காரரை மட்டும் குறை கூறல் தகாது. இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் மறைந்த உறுப்பை மீட்பதில்லை. தாம் பயின்ற எண்ணற்ற முகங்களைக்கொண்டு அதனை ஊகித்து வரைகின்றன. நீள்காதும் பச்சைப் புள்ளியும் அம்முகங்களிடை அரியனவாயின், அவை பிழையெனக் கொள்ளப்படுதல் எளிது. பிறந்த ஊர், குலவழக்கு, புலம்பெயர்வு ஆகியவற்றுக்குச் சான்றாக நிற்கும் குறிகளே இவ்வாறு முதலில் பலியாகின்றன.

ஈண்டுப் பிறர் பணியும் நினைக்கத்தக்கது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியுடன், தமிழகத்து நிழற்படக்கூடங்களின் பழம்படங்களை மின்னுருவாக்கியது. ஸோயி ஹெட்லி முன்னின்ற அம்முயற்சி படங்களைத் திருத்தி அழகூட்டுவதை அன்று, உள்ளவாறு பதிவதையே நோக்கமாகக் கொண்டது. ஜப்பானில் 2011ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் யாமமோத்தோ நகரில் ஏறத்தாழ 7,50,000 நிழற்படங்கள் திரட்டப்பட்டன. தன்னார்வலர் அவற்றைக் கழுவி உரியவரிடம் சேர்ப்பிக்க முயன்றனர். முகம் கரைந்துபோன படங்களையும் எறிந்தாரல்லர். 2006-07ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தைக் கண்ட ஜொகூர் மக்களுக்கு இது அயலான செய்தியன்று.

மீட்புக்குரிய முறைகள் எளியன. ஈரத்தால் கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிரித்தெடுக்க முனைந்தால், உருவத்தைத் தாங்கும் ஊன்பசைப் படலம் கண்ணாடியிலேயே தங்கிவிடும்; ஆதலின் கண்ணாடியோடு சேர்த்தே மின்வருடல் வேண்டும். அட்டையின் பின்புறத்தையும் பதிதல் இன்றியமையாதது. கூடத்தின் முத்திரை, பென்சிலால் எழுதிய பெயர், ஆண்டு ஆகியன பெரும்பாலும் அங்கேதான் உள்ளன. புதிய சட்டம் போடுவோர் அவ்வட்டையைத்தான் முதலில் குப்பையில் இடுகின்றனர். திருத்தம் எதுவாயினும் படியில் நிகழ்தல் வேண்டும். முதல் வருடல் கைபடாது இருத்தல் வேண்டும்.

படையலன்று முகம் தெளிவாகத் தெரியவேண்டும் என விரும்பும் குடும்பத்தாரை ஆய்வாளர் இகழ்தல் முறையன்று. சுவருக்கு ஒரு படியும் சான்றுக்கு ஒரு படியும் இருக்கலாம். மூலபாடமும் பள்ளிப் பதிப்பும் அருகருகே வாழ்வது நமக்குப் புதிதன்று. திருத்திய படியே மூலமெனக் கொள்ளப்பட்டு, பழையது எறியப்படுவதையே நாம் அஞ்சுகிறோம்.

அவ்வில்லத்தில் நாம் விடைபெறுமுன், அம்மையாரின் பேரன் நீலச்சேலைப் படத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கையகலமே உள்ள பழம்படத்தை அதே ஆணியில் மாட்டினார். இடத்தோளின்மேல் பூஞ்சை தின்ற வெண்திட்டு அப்படியே உள்ளது.