முந்தி நின்ற முடிவு: கொண்டன் அறிக்கை பற்றிய ஒரு மதிப்பீடு

பறக்கும் தட்டுகள் பற்றிய நூல்களுட் பெரும்பாலானவை வியப்பை விலைபேசுவன. 1969 ஜனவரியில் வெளிவந்த கொண்டன் அறிக்கை அவ்வகையினதன்று. அமெரிக்க விமானப்படையின் நிதியைக் கொண்டு கொலறாடோப் பல்கலைக்கழகம் 1966 முதல் 1968 வரை நடத்திய ஆய்வின் பேறு அது. விஞ்ஞானத்தின் பெயரால் அது பேசுவதால், விஞ்ஞானத்தின் அளவுகோல் கொண்டே அதனை மதிப்பிடல் வேண்டும்.

அறிக்கையின் பின்னணி ஈண்டு நோக்கற்பாலது. இனங்காணப்படாத பறக்கும் பொருள்களை ஆராய விமானப்படை 1948இல் 'சைன்', 1949இல் 'கிரட்ஜ்', 1952இல் 'புளூ புக்' என்னும் திட்டங்களை அடுத்தடுத்து இயக்கியது. 1953இல் மத்திய புலனாய்வு நிறுவனம் கூட்டிய றொபேட்சன் குழு, இப்பொருள்களால் நேரடி ஆபத்தில்லை என்றும், பெருகிவரும் முறைப்பாடுகளே பாதுகாப்புத் தொடர்புகளை நெருக்குவன என்றும் கருதியது. பொதுமக்களின் ஆர்வத்தைத் தணிக்குமாறும் ஆலோசனை கூறியது. வானத்தில் இருப்பது யாது என்ற வினா, மக்களை அமைதிப்படுத்துவது எவ்வாறு என்ற வினாவாக அன்றே திரிந்துவிட்டது. 1966இல் மிச்சிக்கனிற் காணப்பட்ட ஒளிகளுக்குச் சதுப்பு நில வாயு காரணமாகலாம் என வானியலாளர் ஹைனெக் கூறியபோது எழுந்த ஏளனமும் கண்டனமும், விமானப்படையைப் பல்கலைக்கழகத்தின் வாயிலுக்கு விரைவித்தன.

தலைமை ஏற்ற எட்வேட் கொண்டன் புகழ்பெற்ற பௌதிகவியலாளர். 1948இல் காங்கிரஸ் குழுவொன்று அவரது தேசபற்றையே ஐயுற்றபோது அஞ்சாது நின்றவர். ஆதாரமின்றி முன்கூட்டியே தீர்ப்பளிப்பதன் கொடுமையை அவரினும் நன்கு அறிந்தார் சிலரே. எனினும், ஆய்வு நடந்துகொண்டிருந்த 1967 ஜனவரியிலேயே, அரசு இவ்விடயத்திலிருந்து விலகுவதே நன்று என்ற தம் சாய்வை அவர் பொதுமேடையில் வெளியிட்டார். திட்ட இணைப்பாளர் றொபேட் லோ 1966 ஓகஸ்ற்றில் எழுதிய குறிப்போ, பொதுமக்களுக்கு நடுநிலையாகவும் விஞ்ஞானிகளுக்கு நம்பிக்கையற்ற முயற்சியாகவும் ஆய்வைத் தோற்றுவிக்கும் உபாயம் பற்றிப் பேசியது. அக்குறிப்பு வெளிப்பட்டதையொட்டி 1968இல் ஆய்வாளர் இருவர் நீக்கப்பட்டனர்.

இம்முரண்பாடு அறிக்கையின் அமைப்பிலேயே பதிந்துள்ளது. ஏறத்தாழ ஆயிரம் பக்கங்கள் கொண்ட நூலின் தொடக்கத்திலேயே கொண்டனின் முடிவுரை நிற்கின்றது: இருபத்தோர் ஆண்டு முயற்சி அறிவுக்கு எதனையும் சேர்க்கவில்லை, மேலும் விரிவாக ஆராய்தல் நியாயமன்று. உட்பக்கங்களின் குரலோ வேறு. 1950இல் ஒறிகனில் எடுக்கப்பட்ட நிழற்படங்களை ஆராய்ந்த ஹார்ட்மன், அசாதாரணமான பறக்கும் பொருளொன்று இருந்ததென்ற கூற்றுக்குச் சான்றுகள் இசைகின்றன என்கிறார். 1956இல் இங்கிலாந்தின் லேக்கன்ஹீத் தளத்தில் றேடாரிற் பதிவான நிகழ்ச்சிக்கும் வழமையான விளக்கம் எட்டப்படவில்லை. முன்பக்கங்களை மட்டும் வாசிப்பவர் இவற்றை அறியார். பலர் அவற்றையே வாசித்தனர்.

வேற்றுலகத்தவர் வந்தமைக்கு ஆதாரமில்லை என்ற கொண்டனின் கூற்று அன்றும் சரியே, இன்றும் சரியே. தகுதிவாய்ந்த தனி ஆய்வுத் திட்டங்களை அவர் முற்றாக மறுக்கவுமில்லை. ஆனால் 'வேற்றுலகத்தவர் வரவில்லை' என்பதும் 'ஆராய எதுவுமில்லை' என்பதும் ஒன்றல்ல. முன்னதை நிறுவிப் பின்னதைப் பெறுவதே அறிக்கையின் அடிப்படைத் தர்க்கப் பிழை எனலாம்.

அப்பிழை நிர்வாகத்துக்கு வாய்ப்பாயிற்று. 1969 டிசெம்பரில் புளூ புக் மூடப்பட்டது. பதிவான 12,618 முறைப்பாடுகளுள் 701 விளக்கமின்றி எஞ்சின. 2021இல் அமெரிக்கப் புலனாய்வுத் துறை வெளியிட்ட அறிக்கை, ஆராய்ந்த 144 நிகழ்ச்சிகளுள் ஒன்றையே உறுதியாக விளக்கியது. அது காற்றிறங்கிய பலூன். ஏனையவற்றுக்குப் போதிய தரவு இல்லை என்றது. அரை நூற்றாண்டு முறையாகச் சேகரித்திருக்கக்கூடிய தரவே அங்கு இல்லாதிருந்தது. பல்கலைக்கழகம் தன் பெயரை அரசின் வசதிக்கு இரவல் கொடுக்கும்போது இழப்பது தன் நம்பகத்தன்மையை மட்டுமன்று. பின்வருவோர் வினவுதற்குரிய சான்றுகளையுமாகும்.