கஞ்சாவும் பாங்கும்: ஒரு சொல்லாராய்ச்சி

இந்தியாவில் மத்திய அரசாங்கம் தடுத்த கஞ்சாவையே சில மாநிலங்கள் கடை வைத்து விற்க விடுகின்றன என்று எழுதுவோர் உளர். இக்கூற்று பொருந்தாது. முரண்பாடு சட்டத்தில் இல்லை. நாம் கையாளும் சொல்லில் உள்ளது.

1985ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய போதைப்பொருட் சட்டம் கஞ்சா என்று குறிப்பது அச்செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகளையே. செடியின் பிசினாகிய சரசும் தடுக்கப்பட்டதே. ஆனால் நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகா. 1961ஆம் ஆண்டின் அனைத்துலக உடன்படிக்கையும் இவ்வாறே வரையறுக்கிறது. ஆகவே, தனி இலையால் ஆகும் பாங்கு மாநிலங்களின் பொறுப்பாயிற்று. உத்தரப் பிரதேசத்தில் அதற்கு உரிமம் பெற்ற கடைகள் உண்டு. மகாராட்டிரத்திலோ, 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமமின்றிப் பாங்கு வைத்திருத்தலே குற்றம்.

பூவையும் இலையையும் ஒருசேரக் கஞ்சா என்று எழுதினால் இவ்வேறுபாடு மறைந்துபோகும். இது சிறு பிழையன்று. 20 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சாவுக்கு 10 ஆண்டுக்குக் குறையாத கடுங்காவல் உண்டு. பிடிபட்ட மூட்டையில் நுனி எவ்வளவு, இலை எவ்வளவு என்பதே நீதிமன்றங்களில் வழக்காகிறது. ஒரு சொல்லின் பொருளெல்லையைப் பொறுத்து ஒருவனது சிறைவாழ்வு நீளவும் குறையவும் கூடுமன்றோ?

சட்டம் மூன்றாகப் பிரித்ததைத் தமிழில் ஒன்றாக்குதல் தகாது. பூநுனிக்குக் கஞ்சா, பிசினுக்குச் சரசு, இலைக்குப் பாங்கு என்று வேறுபடுத்தி எழுதுக. மாணாக்கர்க்கும் அவ்வாறே உணர்த்துதல் ஆசிரியர் கடனாகும்.