இடம் மாறிய பேராலயம்

டொலேடோ நகரின் பேராலயத்தை அது இல்லாத இடத்தில் நிறுத்திக் காட்டியவர் எல் கிரேக்கோ. 1600ஆம் ஆண்டையொட்டி அவர் தீட்டிய 'டொலேடோ காட்சி' இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் இருக்கிறது. வடக்கிலிருந்து பார்ப்பவருக்குக் குன்றின் கிழக்குப் பகுதி மட்டுமே தெரியும். பேராலயம் வலப்புறம், சட்டத்துக்கு வெளியே போய்விடும். ஓவியரோ அதைப் பெயர்த்து அல்காசர் அரண்மனைக்கு இடப்புறம் வைத்துவிட்டார்.

கைப்பிசகு என்று இதைச் சொல்ல முடியாது. கிரீட் தீவில் பிறந்தவர், 1577இல் டொலேடோவுக்கு வந்து 1614இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். வந்ததுமே இந்தப் பேராலயத்துக்காக 'எல் எஸ்போலியோ'வைத் தீட்டி, அதன் கூலிக்காக ஆலய நிர்வாகத்தோடு மல்லுக்கட்டியவர். அது நிற்கும் தெரு அவருக்குத் தெரியாதா என்ன?

இந்த மாற்றத்தால் ஓவியத்துக்குக் கிடைத்தது கொஞ்சநஞ்சமல்ல. 1561இல் அரசவை மாட்ரிட்டுக்குப் போன பிறகும் டொலேடோவின் பெருமையைத் தாங்கியது ஸ்பெயினின் தலைமைப் பேராயர் பீடம்தான். அந்தப் பீடமான பேராலயம் இல்லாமல் வரைந்தால் ஏதோ ஒரு மலையூர் ஆகியிருக்கும். அல்காந்தரா பாலத்தில் தொடங்கும் பார்வை மதிலைப் பிடித்துக்கொண்டு மேலேறி, வெளிறிய கோபுர நுனியில் கரிய மேகத்தோடு மோதுகிறது. கீழே ஆற்றங்கரையில் தூரிகையின் ஓரிரு தொடுகைகளாக மனிதர்கள். அந்தச் சிறுமைதான் மேட்டுக்கு உயரம் கொடுக்கிறது. கோபுரத்தை எடுத்துவிட்டால் அந்த ஏற்றம் பாதியில் நின்றுபோகும்.

ஆனால் இடத்தை மாற்றியவர், கட்டடத்தின் கனத்தைக் கூடவே கொண்டுவரவில்லை. 1226இல் தொடங்கி இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் எழுப்பப்பட்ட கோதிக் பேராலயம் அது. குறுகிய தெருக்களுக்கு நடுவே அகன்று உட்கார்ந்திருக்கும் ஐந்து நடைக்கூடங்கள் கொண்ட பெருங்கட்டடம். ஓவியத்தில் மிஞ்சுவது ஒல்லியான கோபுரம். மற்றது சுற்றியுள்ள வீடுகளோடு கரைந்துவிடுகிறது. இடமாற்றத்தைவிட இந்த மெலிவே பெரிய குறை.

இன்னொன்று, மாற்றத்தைப் பற்றி ஓவியம் வாயே திறப்பதில்லை. டொலேடோவைப் பார்த்திராதவர் இதை அப்படியே நம்பிவிடுவார். பிற்காலத்தில் வரைந்த 'டொலேடோவின் காட்சியும் வரைபடமும்' ஓவியத்தில் எல் கிரேக்கோவே இதற்கு வழி கண்டார். தவேரா மருத்துவமனை விசாக்ரா வாயிலை மறைத்ததால், அந்த மருத்துவமனையை ஒரு மாதிரிக் கட்டடம்போல மேகத்தின்மேல் தனியே வைத்தார். ஏன் அப்படிச் செய்தார் என்பதை ஓவியத்திலேயே எழுதினார். அதன் உண்மையான இடத்தைப் பார்த்துக்கொள்ள, இளைஞன் ஒருவன் நகர வரைபடத்தை விரித்துப் பிடித்திருக்கிறான். பார்ப்பவரை மதிக்கும் செயல் அது. இருந்தும் அந்த ஓவியத்தில் நகரம் வெளிறிப் பரந்து கிடக்கிறது. முந்தையதன் புயல் இறுக்கம் அதில் இல்லை.

அதற்காக முதல் ஓவியத்தின் மௌனத்தை அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை. அதைக் காட்சிக்கு வைக்கும்போதும் நூல்களில் அச்சிடும்போதும் பக்கத்தில் சிறு வரைபடம் ஒன்றைச் சேர்த்தாலே போதும். ஓவியரே பின்னாளில் கையாண்ட முறைதானே அது.