கச்சானுக்கு எதிரே

கல்முனையிலிருந்து தெற்கே இறங்கி, காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, சம்மாந்துறை, அம்பாறை வழியாக இங்கினியாகலை வரை நண்பர்கள் கூடிச் செல்லும் துவிச்சக்கரவண்டிப் பயணத்தின் தனியழகு, வயலுக்கு வரும் நீரை அதன் பிறப்பிடம் நோக்கி எதிர்த்திசையில் தொடர்ந்து செல்வதில் உள்ளது. 'வட்டை' எனப்படும் நெல்வயற்பரப்பும் வாய்க்காலும் கடந்தபின், அம்பாறையை அடுத்துக் கொண்டவட்டுவான் குளம் விரிகிறது; அதற்கும் அப்பால், 1949இல் கல்லோயாத் திட்டத்தின்கீழ் கட்டத் தொடங்கப்பட்டு, இன்று இலங்கையின் மிகப்பெரிய நீர்த்தேக்கமாக விளங்கும் சேனநாயக்க சமுத்திரம், மலைகளுக்கிடையே கிடக்கிறது.

வைகாசிக்குப் பின் மேற்கிலிருந்து வீசும் வறண்ட வெப்பக்காற்றான கச்சான், போகும் வழியெங்கும் நெஞ்சில் மோதுவதால், ஒருவர் முன்னே குனிந்து காற்றைப் பிளக்க, மற்றவர்கள் அவர் முதுகின் மறைவில் சக்கரத்தோடு சக்கரமாக மிதித்து, அவர் களைத்ததும் மறுபேச்சின்றி இடம் மாறிக்கொள்கின்றனர்; நட்பின் நுட்பமான வடிவம் இதுவே எனலாம். கரியரில் பழைய டியூப் கீற்றால் இறுக்கிய தண்ணீர்ப் போத்தல், அணைக்கட்டை அடையுமுன் இளஞ்சூடாகிவிடுகிறது. யானைகள் நடமாடும் பகுதியாதலால் பொழுது சாயுமுன் திரும்ப வேண்டும். அப்போது அதே கச்சான் முதுகைத் தள்ள, கடல்வரை மிதி இலேசாகிறது.