சாய்ந்த ஆறு

கிரைஸ்லர் கம்பெனியின் பழைய ஆறு சிலிண்டர் கார் ஒன்றின் பானெட்டை முதன்முறை திறந்து பார்ப்பவர்கள், என்ஜின் மவுன்ட் ஏதோ உடைந்து மொத்தமும் ஒரு பக்கம் சரிந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். உடையவில்லை. 1960 மாடல் வேலியன்ட் காருக்காக அதை 30 டிகிரி சாய்த்தே வார்த்தார்கள். சாய்த்ததால் என்ஜினின் உயரம் குறைந்தது, பானெட்டைத் தாழ்த்த முடிந்தது. ஒரு பக்கம் கிடைத்த இடத்தில் நீளமான இன்டேக் குழாய்களை ஓடவிட முடிந்தது. ‘ஸ்லான்ட் சிக்ஸ்’ என்ற செல்லப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் 1983 வரை கார்களிலும், அதற்குப் பின் சில ஆண்டுகள் லாரிகளிலும் ஓடிய என்ஜின் இது.

இதைக் குறைந்த செலவில் பிரித்து, பழையதைவிடச் சுறுசுறுப்பாகத் திரும்பப் பூட்டுவது ஒரு கலை. அந்தக் கலையில் என்னை ஈர்ப்பது ஸ்பானர் பிடிப்பதற்கு முன்னால் ஒரு தாளில் நடக்கிற பகுதி. பணம் நிறைய இருப்பவருக்கு அந்தத் தாள் தேவையில்லை. விலைப்பட்டியலைப் பார்த்து வாங்கிப் போட்டுவிடுவார். விரலுக்கேற்ற வீக்கம் பார்க்கிறவருக்குத்தான் என்ஜின் தன்னை முழுசாகக் காட்டுகிறது. எங்கே அடைக்கிறது, எங்கே வீணாகிறது, எதைத் தொடவே கூடாது என்று ஒவ்வொன்றாக அவர் கேட்டாக வேண்டும்.

இந்த என்ஜினுக்குள் வேகம் இருக்கிறது என்பதற்கு ஆரம்பத்திலேயே சாட்சி கிடைத்துவிட்டது. 1960 ஜனவரியில் டேட்டோனாவில் சிறிய கார்களுக்கென நடந்த பந்தயத்தில் முதல் ஏழு இடங்களையும் வேலியன்ட் கார்களே பிடித்தன. சாதாரணமாக 101 குதிரைத்திறன் தந்த 170 கன அங்குல என்ஜினை, ‘ஹைப்பர் பேக்’ என்ற சாமான் தொகுப்பு 148 வரை ஏற்றியது. நீண்ட இன்டேக், நான்கு வாய் கார்புரேட்டர், கூடுதல் கம்ப்ரஷன், கூர்மையான கேம், திறந்த எக்ஸாஸ்ட், அவ்வளவுதான். அந்த அசல் தொகுப்பு இன்று சேகரிப்பாளர்களின் சொத்து. நம் தாளில் அதற்கு இடமில்லை. ஆனால் அது காட்டிய வழி இலவசம்.

நம் கைக்கு வருவது பெரும்பாலும் 225 கன அங்குல என்ஜின், அதாவது 3.7 லிட்டர். போர் 86.4 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 104.8. ஒல்லியான, உயரமான சிலிண்டர். இதன் பெரிய குறை வெளியே தெரியாது. ஹெட்டைக் கழற்றி, கிராங்கைச் சுற்றி, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து பாருங்கள். அது பிளாக்கின் மேல்முகத்தைத் தொடாது. ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் கீழேயே நின்றுவிடும். எட்டிப் பார்த்தால் கிணற்றில் பாதித் தண்ணீர் போல இருக்கும். எனக்கு இந்த என்ஜினில் மிகப் பிடித்த இடம் இந்தக் கிணறுதான். சிக்கனக்காரனுக்கான புதையல் அங்கேதான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 614 சி.சி. கம்பெனி சொன்ன கம்ப்ரஷன் 8.4. அப்படியானால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் 83 சி.சி. அசல் கேஸ்கெட் மெல்லிய எஃகுத் தகடு. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் அதைவிட அரை மில்லிமீட்டர் தடிமனானது. அதை அப்படியே போட்டுப் பூட்டினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் மூன்று சி.சி. கூடுகிறது, கம்ப்ரஷன் 8.1-க்கு இறங்கிவிடுகிறது. காசு கொடுத்துப் புதுப்பித்து, பலத்தைக் குறைத்துக்கொண்டு வீடு திரும்புவது என்றால் இதுதான். லேத் பட்டறைக்குப் போகும்போதே ஹெட்டின் முகத்தில் 1.6 மில்லிமீட்டர் சீவச் சொல்லிவிட்டால் ஒன்பதுக்கு வந்துவிடலாம். முகத்தைச் சமன்செய்ய எப்படியும் ஹெட் பட்டறைக்குப் போகத்தான் போகிறது; கூலியில் பெரிய வித்தியாசம் வராது.

வி-எட்டு என்ஜினில் இவ்வளவு சீவினால் இரு ஹெட்டுக்கும் நடுவே உட்காரும் இன்டேக் பொருந்தாமல் அடம்பிடிக்கும். நேர்வரிசை ஆறில் அந்தத் தொல்லை இல்லை. இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் தொங்குவதால், ஹெட் இறங்கினால் அவையும் கூடவே இறங்கும்.

இதைவிட அழகான வழியும் ஒன்று உண்டு. 1970 முதல் 1974 வரை வந்த 198 கன அங்குல என்ஜினின் கனெக்டிங் ராடு, 225-இன் ராடைவிட ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் நீளம். அதை எடுத்து, போரை 87.5 மில்லிமீட்டருக்கு விரித்து, அதே கம்பெனியின் நான்கு சிலிண்டர் 2.2 லிட்டர் என்ஜினுக்கான பிஸ்டனைப் போட்டால், பிஸ்டன் பிளாக்கின் விளிம்புக்கே வந்துவிடும். கிணறு நிரம்பி வழியும் காட்சி! யாரோ ஒருவர் பாகங்களின் அளவுப் பட்டியலை ராத்திரி முழுக்கப் புரட்டியிருக்க வேண்டும். ஆனாலும் என் தாளில் இதை எழுதி அடித்துவிடுவேன். அந்த ராடுகள் இப்போது எளிதில் அகப்படுவதில்லை, ஆறு பிஸ்டனும் புதிதாக வாங்க வேண்டும். வியந்துவிட்டு நகர்ந்துவிட வேண்டிய யோசனை அது.

கிராங்க் பற்றி ஒரு வார்த்தை. 1976 நடுப்பகுதி வரை அடித்து உருவாக்கிய கிராங்க், பிறகு வார்ப்புக் கிராங்க். இரண்டும் ஒரே பிளாக்கில் மாற்றிப் பொருந்தா. வாங்கும்முன் ஆண்டைப் பாருங்கள்.

மூச்சு விடும் பக்கம் ஆசைக்கு அணை போடவேண்டிய பக்கம். 1977-இல் கம்பெனியே இரண்டு வாய் கார்புரேட்டரோடு ‘சூப்பர் சிக்ஸ்’ என்று விற்றது. பழைய உடைப்புக் கார்களிலிருந்து அந்த இன்டேக்கையும் லிங்கேஜையும் சேர்த்தே கழற்றி வந்தால் போதும். கூடவே 57 மில்லிமீட்டர் எக்ஸாஸ்ட் குழாய். கேம் விஷயத்தில்தான் பலர் கெடுக்கிறார்கள். வால்வு சிறியது, ஸ்ட்ரோக் நீளம். அடியிலிருந்து இழுப்பதே இதன் குணம். பந்தயக் கேம் போட்டு அந்த இழுவையைப் பறிப்பது, வயலின் வாசிப்பவர் கையில் தவில் குச்சியைக் கொடுப்பது போல.

பூட்டும்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நட்டுகளை வலு உள்ளவரை முறுக்கத் தோன்றும். கூடாது. பத்து பவுண்டு-அடிதான் அளவு. சூட்டில் நீளும் அந்த வார்ப்பு, வாஷர்மேல் வழுக்கி நகரட்டும் என்றே அவ்வளவு லேசாக விட்டிருக்கிறார்கள். இறுக்கிவிட்டால் விரிசல் விடும். இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் இணைக்கும் போல்ட்டுகளைத் தளர்வாக வைத்து, இரண்டையும் ஹெட்டில் பொருத்திய பிறகுதான் அவற்றை முறுக்க வேண்டும். இந்த வரிசையைக் கண்டுபிடித்தவர் இரும்பை உயிருள்ளதாக நினைத்தவர்.

கடைசி வேலை டேப்பெட். 1980 வரை வந்தவற்றில் ஹைட்ராலிக் கிடையாது. திருகை முறுக்கிக் கையால்தான் இடைவெளி வைக்க வேண்டும். என்ஜின் நன்றாகச் சூடானபின் இன்டேக்குக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து, எக்ஸாஸ்ட்டுக்கு இருபது. ஹெட்டைச் சீவியதால் ராக்கரில் ஏற்பட்ட மாற்றத்தை இந்தத் திருகே விழுங்கிக்கொள்ளும். எல்லாம் முடிந்து ஐடிலில் விட்டால் தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரு டிக்டிக் கேட்கும். புதிதாகப் பார்க்க வருகிறவர் அதைக் கேட்டு முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். அந்தச் சத்தம் அடங்கிப்போனால்தான் கவலை: எங்கோ ஒரு வால்வு இடைவெளியை இழந்துவிட்டது, மறுபடி ஃபீலர் கேஜை எடுக்க வேண்டும்.