தெளிந்த டீசல்

காமன் ரெயில் முறைக்கு முந்திய டீசல் கார்களின் வடிகட்டியை வீட்டு வாசலிலேயே மாற்றுவதில் உள்ள சந்தோஷம், அவ்வேலையைத் தம் கையால் செய்து பார்த்தவர்களுக்கே பூரணமாக விளங்கக்கூடியது. தலைமயிரின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத நுண்ணிய தூசியைத் தடுத்து நிறுத்துவது, கொசுவம்போல் மடித்து உருளையாகச் சுற்றிய வெறும் காகிதமே என்று நினைக்கும்போது, அதை யோசித்து அமைத்தவர்களிடம் எனக்கு மரியாதை பிறக்கிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 830 கிராமே உள்ள டீசலைவிட நீர் கனமானது ஆதலால், டீசலோடு கலந்துவரும் நீர் வடிகட்டியின் அடியில் தங்கிவிடுகிறது. அதை வடித்துவிடாமல் அசிரத்தையாக இருந்தால், டீசலின் வழவழப்பையே ஆதாரமாகக் கொண்டு சுழலும் ரோட்டரி பம்ப் துருப்பிடித்து நாசமாகும்.

ரப்பர் வளையத்தில் டீசலைத் தடவிப் புதிய வடிகட்டியைக் கையாலேயே இறுக்குவது சுலபம். விசேஷம் அதன் பிறகுதான். குழாயில் காற்று நின்றால் இன்ஜின் ஓடாது. ஆகவே வடிகட்டியின் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்திக் கைப்பம்பை நிதானமாக அழுத்த அழுத்த, முதலில் காற்றின் சீறலும், பின்பு வெண்ணுரையும், அப்புறம் விட்டுவிட்டு வரும் குமிழிகளுமாக இருந்தது, கடைசியில் குமிழியே இன்றி இளமஞ்சளாய்த் தெளிந்து வழிவதைப் பார்ப்பது தனி ஆனந்தம். அக்கணத்திலேயே, பம்பை அழுத்தியபடியே, திருகை மூடிவிட வேண்டும்.

பழைய வடிகட்டியில் எஞ்சிய டீசலை மட்டும் தயவுசெய்து சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். டப்பாவில் பிடித்துவைத்து, பழைய எண்ணெய் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.