அரவான் கதையும் அளவை நெறியும்

திருக்கோவலூர் என நூல்கள் வழங்கும் திருக்கோவிலூர், அட்டவீரட்டங்களுள் ஒன்று; மெய்ப்பொருள் நாயனார் அரசு வீற்றிருந்த பதி. போரில் அவரை வெல்லமாட்டாத முத்தநாதன், திருநீறு பூசி, யாண்டும் இல்லாததோர் ஆகமம் கொணர்ந்ததாகச் சொல்லி, சுவடிக் கவளிகையுள் படையை மறைத்துக்கொண்டு புகுந்தான். நாயனார் அவ்வேடத்தை வணங்கியது அன்பின் முதிர்ச்சி. எனினும், நூலின் பெயரால் கொணரப்படுவன எல்லாம் நூலாகா என்பதும் அவ்வரலாற்றாற் பெறப்படும். உரிமை வழக்குகளில் இரு கட்சியாரும் சமய நூல்களைச் சான்று காட்டும் இந்நாளில், கவளிகையை அவிழ்த்து நோக்குதல் ஆராய்ச்சியாளர் கடனாகும்.

அம்மாவட்டத்திலேயே உளுந்தூர்ப்பேட்டையை அடுத்துள்ளது கூவாகம். ஆங்குக் கூத்தாண்டவர் கோயிற் சித்திரை விழாவில் திருநங்கையர் பலர் அரவானைக் கணவனாகக் கருதித் தாலி பூண்பர்; மறுநாள் அவன் களப்பலியானமை நினைந்து தாலியறுத்து, வளை உடைத்து, வெள்ளுடை புனைந்து புலம்புவர். 15-4-2014-இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினரின் உரிமையை ஏற்று வழங்கிய தீர்ப்பில், நீதிபதி கே. எஸ். இராதாகிருஷ்ணன் இவ்வரவான் கதையையும் எடுத்தோதினார். தீர்ப்பின் நிலைக்களம் அரசியலமைப்புச் சட்டமே. கதை வரலாற்றுத் துணையாக வந்தது. ஆயினும், கதையையே முதற் பிரமாணமாகக் கொண்டு வாதிப்போரும் உளர். அவ்வாதம் நிற்குமா?

வியாச பாரதத்தில் இராவான் களத்திற் பொருது அலம்புசனால் மடிகின்றான். பலியும் இல்லை, மணமும் இல்லை. களப்பலி பெருந்தேவனார் பாரதத்திலும் வில்லிபாரதத்திலும் காணப்படுவது. மோகினி மணமோ நாட்டார் வழக்கிலும் கூத்திலும் தழைத்தது. ஆகலின் இஃது உரையளவையாகாது. மக்கள் வழக்கே ஆம். அன்றியும், கதையைச் சான்றாகக் கொண்டோர் அதன் முடிவையும் கொள்ளல் வேண்டும். ஓரிரவு மணமும் மறுநாட் கைம்மையுமே அக்கதை தருவன. அவ்வளவே உரிமை என்று எதிரி கூறின் விடை யாது? ஒருபாலீர்ப்புடையோர்க்கோ அக்கதை யாதும் உதவாது. கதை வாய்த்தோர்க்கே உரிமை எனின், கதை வாயாதோர் என் செய்வர்?

இனி மறுப்போர் வாதம். 2-7-2009-இல் தில்லி உயர் நீதிமன்றம், இந்தியத் தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவு வயது வந்தோரின் இசைந்த உறவுக்குச் செல்லாது என்றபோது, பல சமயத்து அமைப்பினரும் மேல்முறையீட்டில் ஒன்றுகூடினர். 11-12-2013-இல் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. 6-9-2018-இல் ஐவர் அமர்வு மீண்டும் அவ்வுறவு குற்றமன்றென்றது. தத்தம் கொள்கையில் உடன்படாதார் பிறரை விலக்குதலில் உடன்பட்டமை நோக்கத்தக்கது. சைவருள்ளும் சிலர், 'இப்பிறவி வினைப்பயன். படுவது படட்டும்' என்பர். பெற்ற மகவையே இல்லத்தினின்று துரத்துவோர்க்கு இச்சொல் துணையாகின்றது. இது சித்தாந்தமன்று. வினையை அறிந்து கூட்டுவோன் இறைவன். அப்பணியை மக்களிடம் அவன் ஒப்படைத்தானல்லன். ஒருவன் துன்புறுதல் அவன் பிராரத்தமாயின், துன்புறுத்துவோன் செயல் தனக்கு ஆகாமியமாய் ஏறும். எல்லாப் பிறவியும் வினைவழியனவே. துரத்துவோன் பிறவியும் அத்தகையதன்றோ?

இவ்வழக்கு புதிதன்று. 1939-இல் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலுட் தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பெற்றவர் புகுந்த ஞான்று, தடுத்தோரும் ஆகமம் காட்டினர். வரவேற்றோரும் ஆகமம் காட்டினர். திருநாளைப்போவார் தீயுட் புக்க பின்னரே தில்லை கண்டார் என்றனர் ஒருசாரார். அவரை அழைத்தவன் கூத்தப்பெருமானே என்றனர் மறுசாரார். அமெரிக்க நாட்டு வர்ஜீனியாவிலும், வெள்ளையரும் கருநிறத்தாரும் மணத்தல் குற்றமென்ற நீதிபதி ஒருவர், இறைவன் இனங்களை வெவ்வேறு கண்டங்களில் வைத்தமையே அதற்குச் சான்று என 1965-இல் எழுதினார். 1967-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. இவற்றால், விருப்பம் முன்னே செல்ல நூல் பின்னே இழுக்கப்படுதல் தெளிவாம்.

அற்றேல், சைவம் இதன்கண் யாதும் கூறாதோ எனின், கூறும். அம்மையப்பர் திருவுருவைக் காட்டி வாதிப்போர் உளர். அது சிவமும் சத்தியும் பிரிவின்மையை உணர்த்துவது. மக்கள் உடம்பின் இயல்பை உணர்த்த வந்ததன்று. இறைவன் கொள்வன அருளுருவங்கள். வினையுடம்பிற்கு அவற்றை அளவாக்கல் ஒருசாரார்க்கும் ஒவ்வாது. சித்தாந்தம் தரும் உறுதி வேறு. ஆண், பெண், அலி என்பன மாயையின் காரியமாகிய உடம்பின்பாற் படுவன. உயிர் அம்மூன்றும் அன்று. உடம்பை நோக்கி உயிரைத் தாழ்த்துவோர் உடம்பே உயிர் என்னும் உலகாயதர் பக்கம் சார்ந்தவராவர். தொல்காப்பியரும் ஆண்மை திரிந்தோரைச் சுட்டும் பெயரை உயர்திணையிலேயே வைத்து முடிபு கூறினார். இலக்கணம் உயர்திணை என்றாரை வாழ்வில் அஃறிணையாக நடத்துதல் தமிழ் மரபும் அன்று.

தூத்துக்குடிச் சங்கரராமேசுவரர் சந்நிதியில் 2018-இல் ஆடவர் ஒருவரும் திருநங்கை ஒருவரும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிய அலுவலர் மறுத்தனர். 22-4-2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்து மதுரைக் கிளை, மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் எனக் கொண்டு பதிவு செய்யப் பணித்தது. ஒருபாலார் திருமணத்தை ஏற்க 17-10-2023-இல் உச்ச நீதிமன்றம் மறுத்து, அதனைச் சட்டமன்றங்களின் பொறுப்பில் விடுத்தது. ஆகவே வாதங்கள் இன்னும் தொடரும். சைவர் அவற்றிற் கலப்பின், அளவை வழுவாது பேசுதல் வேண்டும்.

தத்தன் வாளோங்கியபோது நாயனார், முத்தநாதனையும் நம்மவன் என்று காத்து, ஊறின்றி எல்லை கடக்கச் செய்தார். இது வழக்கிற்குச் சான்றன்று. அடியார் ஒழுக்கத்திற்கு அளவு. கொன்றவனுக்கே அக்காவல் எனின், ஒரு தீங்கும் செய்யாது வீட்டு வாயிலில் நிற்கும் மகவுக்கு எத்துணைக் காவல் வேண்டும் என்பது கைமுதிக நியாயத்தாற் பெறப்படும்.

திருச்சிற்றம்பலம்.